வாக்குச் சீட்டின் பின்பக்கம்

அயோவாவில் வாக்குச் சீட்டைத் திருப்பினால்தான் பெரும்பாலும் நீதிபதிகள் கண்ணில் படுவார்கள். முன்பக்கம் முழுக்கக் கட்சிப் பெயர்களோடு ஒரு கூட்டம்: ஜனாதிபதி வேட்பாளர்கள், காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம், கவுண்டிப் பதவிகள். பின்பக்கத்தில் கட்சி கிடையாது, எதிர்த்து நிற்பவரும் கிடையாது. மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான்: இவர் பதவியில் நீடிக்கலாமா? ஆம் என்று ஒரு வட்டம், இல்லை என்று ஒரு வட்டம், ஏதாவது ஒன்றைப் பேனாவால் நிரப்ப வேண்டும். நிறையப் பேர் இரண்டையும் நிரப்பாமல் சீட்டை இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். யாரென்றே தெரியாத ஒருவரை வைத்துக்கொள்ளவா, அனுப்பவா என்று கேட்டால் வேறென்ன செய்வது?

2024 நவம்பரில் அந்தப் பின்பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. டேவிட் மே. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தவரை 2022-ல் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். 2024 ஜூனில் கருக்கலைப்புத் தடைக்கு வழிவிட்டு அந்த நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் அவரும் பெரும்பான்மைப் பக்கம் இருந்தார். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்குக் கடுமையான கோபம். கோபத்தோடு வாக்குச் சீட்டுக்கு முன்னால் உட்காருவது ஒன்றும் புதிதில்லை, பாதித் தேர்தல்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஒரு நீதிபதி மேல் கோபப்பட்டு வாக்களிக்கலாமா? இந்தக் கேள்வி எனக்குள் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அப்பா திருநெல்வேலி கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே நீதிபதிகளுக்கு வாக்கெடுப்பு உண்டு என்று போனில் சொன்னபோது நான் விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். "ஜட்ஜய்யாவுக்கு ஓட்டாம்மா? அப்பம் மாலையும் கழுத்துமா வேன்ல வருவாவளோ?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "அதுக்கு வக்கீலுவ காசு குடுப்பாவளா?" என்று கேட்டார். வேலைக்காலம் முழுவதும் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்த மனிதருக்கு அந்தக் கேள்வி சட்டென்று வந்துவிட்டது. சரியான கேள்விதான். இந்த முறையே அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று கொண்டுவரப்பட்டதுதான்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நீதிபதிகளும் கட்சிப் பெயரில் நின்று ஜெயித்து வந்தவர்களே. மிசூரியில், கான்சஸ் சிட்டியைக் கையில் வைத்திருந்த டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தலைவரின் கூட்டம் நீதிமன்றங்கள் வரை கை நீட்டியதில் வெறுத்துப்போன மக்கள், 1940-ல் புது ஏற்பாடு ஒன்றுக்கு வாக்களித்தார்கள். ஒரு குழு தகுதி பார்த்து மூன்று பெயர்களைக் கொடுக்கும், ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார். கொஞ்ச காலம் வேலை பார்த்த பிறகு அவர் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கேட்பார்கள். கலிஃபோர்னியா இதற்கு முன்பே, 1934-ல், மேல் நீதிமன்றங்களுக்கு மட்டும் இதுபோன்ற வாக்கெடுப்பைக் கொண்டுவந்திருந்தது. அயோவா 1962-ல் சேர்ந்துகொண்டது. இங்கே உச்ச நீதிமன்றத்தில் ஏழு பேர், பதவிக்காலம் 8 ஆண்டுகள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒன்பது பேர், 6 ஆண்டுகள். எதிர்த்து நிற்க ஆள் இல்லாவிட்டால் பிரசாரம் வேண்டாம், பிரசாரம் வேண்டாமென்றால் பணம் வேண்டாம், பணம் வேண்டாமென்றால் வக்கீல்களிடம் கையேந்த வேண்டாம். இந்தக் கணக்கு 48 வருடம் பிசகவில்லை. அதுவரை அயோவாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட இந்த வாக்கெடுப்பில் தோற்றதில்லை. பின்பக்கத்தை நிரப்புகிற பொறுமை உள்ளவர்களும் பெரும்பாலும் 'ஆம்' என்றுதான் நிரப்பினார்கள்.

ஏழு பேரின் தீர்ப்பு, மூன்று பேரின் பெயர்

2009 ஏப்ரல் 3-ஆம் தேதி 'வார்னம் எதிர் பிரையன்' வழக்கில் தீர்ப்பு வந்தது. திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான் என்று 1998-ல் அயோவா போட்ட சட்டம், மாநில அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுக்கு முரணானது, அதனால் செல்லாது, ஒரே பாலினத்தவரும் மணம் செய்துகொள்ளலாம் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எழுதியவர் மார்க் கேடி. சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கும் இந்த மாநிலத்தில் இப்படி ஒரு தீர்ப்பா என்று நாடே திரும்பிப் பார்த்தது. கேடி தன் தீர்ப்பிலேயே அதற்குப் பதில் வைத்திருந்தார்: 1839-ல், அயோவா இன்னும் மாநிலமாகக்கூட ஆகாத காலத்தில், ரால்ஃப் என்ற கறுப்பின மனிதரை அடிமையாகத் திருப்பி அனுப்ப மறுத்தது இதே நீதிமன்றம். 1868-ல் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு ஒதுக்கக் கூடாது என்றதும் இதே நீதிமன்றம். அந்தந்தக் காலத்து ஊர்ப் பெரும்பான்மையைக் கேட்டுவிட்டு எழுதிய தீர்ப்புகள் இல்லை அவை.

அப்போது நான் வேலை விசாவில் சீடர் ராப்பிட்ஸில் இருந்தேன். வாக்கு கிடையாது, வேடிக்கை பார்க்கலாம். அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒரு பெரியவர், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர். 2008 ஜூனில் சீடர் நதி ஊருக்குள் புகுந்தபோது யாரும் கூப்பிடாமலே தன் டிரக்கை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் சாமான்களை மேட்டுக்கு ஏற்றியவர். அவருக்கு அந்தத் தீர்ப்பு நிஜமாகவே வலித்தது. வெறுப்போடு பேசும் ஆள் இல்லை அவர். "இதை முடிவு செய்ய அவர்கள் யார்? எங்களிடம் ஏன் கேட்கவில்லை?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அரசியலமைப்பைத் திருத்தி மக்களிடமே கேட்கலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் அயோவாவில் அடுத்தடுத்து வரும் இரண்டு சட்டமன்றங்கள் திருத்தத்தை நிறைவேற்றிய பிறகுதான் அது மக்கள் வாக்குக்கு வரும். அப்போது சட்டமன்றத்தைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் அதை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டார்கள். என் சக ஊழியரைப் போன்றவர்களுக்கு வேறு இடம் இல்லை. வாக்குச் சீட்டின் பின்பக்கம் ஒன்றுதான் மிச்சம்.

அதை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் பாப் வாண்டர் பிளாட்ஸ். 2010 ஜூனில் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சி உள்தேர்தலில் டெர்ரி பிரான்ஸ்டாட்டிடம் தோற்றவர், கொஞ்ச நாளிலேயே இந்த வேலையைக் கையில் எடுத்தார். வெளிமாநில அமைப்புகள் பணம் கொடுத்தன. எதிர்ப் பிரசாரத்துக்குச் செலவான தொகை கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் என்று பிறகு செய்தி வந்தது. அதுவரை பின்பக்கத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் யாருமே பேசி நான் கேட்டதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவே மூன்று பெயர்கள் வந்து வந்து போயின: மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர்.

ஏன் இந்த மூன்று பேர்? தீர்ப்பில் இவர்கள் பங்கு மற்ற நாலு பேரைவிடக் கூடுதலா? இல்லவே இல்லை. அந்த ஆண்டு பதவிக்காலம் முடிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இவர்கள், அவ்வளவுதான். தீர்ப்பை எழுதிய கேடியின் பெயர் அந்தச் சீட்டில் இல்லை. ஏழு பேர் சேர்ந்து செய்த காரியத்துக்கு யார் பதில் சொல்வது என்பதை நாட்காட்டி முடிவு செய்தது. இதை அப்போதே என் சக ஊழியரிடம் சொன்னேன். "கிடைத்தவரைத்தானே பிடிக்க முடியும்" என்றார் அவர்.

நிதி திரட்டாத மூவர்

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். தன்னை எதிர்த்துப் பிரசாரம் நடக்கும்போது நீதிபதி தனக்கென்று ஒரு குழு அமைத்து, அதன் மூலம் நிதி திரட்டி, பதிலுக்குப் பிரசாரம் செய்ய அயோவாவின் நடத்தை விதிகளில் இடம் உண்டு. அந்த மூன்று பேரும் அதைச் செய்ய மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். கூட்டங்களில் நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்று பேசினார்கள், பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்கள். அதோடு சரி. விளம்பரம் இல்லை, குழு இல்லை, ஒரு டாலர் வசூல் இல்லை.

டெர்னஸ் அப்போது தலைமை நீதிபதி, அயோவாவில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். 1993-ல் அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநரான அதே பிரான்ஸ்டாட்தான். அவருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். மக்கள் முன்னால் போய் என்ன சொல்ல முடியும்? 'என் தீர்ப்பு சரி' என்று சொல்லலாமா? அதற்கான காரணத்தையெல்லாம் தீர்ப்பிலேயே எழுதியாகிவிட்டது. அதற்கு வெளியே மேடை போட்டு வாதாடினால் அவர் நீதிபதியாக இல்லாமல் கட்சிக்காரராகிவிடுகிறார். 'நிலத் தகராறு, விவாகரத்து, காப்பீடு, கொலை வழக்கு என்று இத்தனை வருடம் எத்தனையோ வழக்குகளைப் பார்த்திருக்கிறேன், அவற்றை வைத்து என்னை எடைபோடுங்கள்' என்று சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் அந்த வழக்குகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்து, பணம் திரட்டினால் யார் தருவார்கள்? அந்தத் தீர்ப்பால் மகிழ்ந்தவர்களும், நாளை அவர் முன்னால் வழக்காட வரப்போகும் வக்கீல்களும்தான் தருவார்கள். அப்பா கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட மோசம், 'இவர்கள் அந்தக் கூட்டத்தின் ஆட்கள்' என்று எதிர்த்தரப்பு சொன்ன குற்றச்சாட்டுக்கு ரசீதோடு ஆதாரம் கிடைத்துவிடும். ஆக, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எடுக்கிற ஒவ்வொரு அடியும், எதற்காகத் தன்னைக் காப்பாற்ற வேண்டும் என்கிறாரோ அதைக் கொஞ்சம் கெடுக்கும்.

செப்டம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் மாநிலத் தலைநகர் டெ மொய்னுக்கு வந்து இந்த முறையைக் காப்பாற்றுங்கள் என்று பேசினார். நல்ல பேச்சுதான். அதைக் கேட்கப் போனவர்கள் ஏற்கெனவே 'ஆம்' போட முடிவு செய்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நவம்பர் 2-ஆம் தேதி மூன்று பேருமே தோற்றார்கள். மூவருக்கும் 'இல்லை' என்று விழுந்தது 54, 55 சதவீதம். அதே நாளில் பிரான்ஸ்டாட் மறுபடி ஆளுநராக ஜெயித்தார். தான் நியமித்த டெர்னஸின் இடத்தையும் சேர்த்து மூன்று இடங்களுக்கு ஆள் பார்க்கும் வேலை அவருக்கே வந்தது.

அவர்கள் பேசாமல் இருந்ததைப் பற்றி என் எண்ணம் பல தடவை மாறியிருக்கிறது. அப்போது எனக்கு அது பெரிய மனிதத்தனமாகப் பட்டது. இன்னொரு சக ஊழியர், எனக்கு நல்ல தோழி, "பெரிய மனிதத்தனமெல்லாம் சரி, அடுத்தவர்கள் உரிமை பறிபோனால் இவர்களுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மக்களைக் கேட்பது என்று ஒரு முறையை வைத்துவிட்டு, கேட்கும்போது பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டால், அதில் வாக்காளர் மேல் கொஞ்சம் அலட்சியமும் இருக்கிறதோ என்று சில வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கேள்வியே கோணல் என்று தோன்றுகிறது. சீட்டில் அச்சாகியிருப்பது 'இந்த நீதிபதி நீடிக்கலாமா' என்பது. வாக்காளர் மனதில் ஓடுவது 'அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறதா' என்பது. ஆனால் எந்தப் பதிலைப் போட்டாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை. மூன்று பேர் வீட்டுக்குப் போன பிறகும் அயோவாவில் அந்தத் திருமணங்கள் நடந்துகொண்டேதான் இருந்தன. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் அதையே சொன்னது.

பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2012-ல் அதே தீர்ப்பில் இருந்த டேவிட் விக்கின்ஸின் முறை வந்தது. மறுபடி எதிர்ப்புப் பிரசாரம், இந்த முறை பேருந்தில் ஊர் ஊராகக் கிளம்பியது, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால்கூட வந்து போனார். (நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு நடந்த சண்டை தனிக் கதை.) விக்கின்ஸும் பிரசாரம் செய்யவில்லை. ஆனால் இந்த முறை மாநில வழக்கறிஞர் சங்கம் தானே ஒரு பேருந்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்புப் பேருந்தின் பின்னாலேயே ஊர் ஊராகப் போனது. விக்கின்ஸ் சுமார் 54 சதவீதத்தோடு தப்பித்தார். 2016-ல் கேடி, பிரென்ட் அப்பல், டேரில் ஹெக்ட் ஆகிய மூவரும் சிரமமில்லாமல் ஜெயித்தார்கள். தீர்ப்பில் சும்மா சம்மதித்தவர்கள் 2010-ல் வேலை இழந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் 2011-லேயே தலைமை நீதிபதியாகி, ஊர் கோபம் ஆறிய பிறகு சீட்டுக்கு வந்து, நல்ல பெரும்பான்மையோடு நீடித்தார். தோற்ற மூவருக்கும் 2012-ல் கென்னடி நூலகத்தின் துணிச்சல் விருது கிடைத்தது. விருதைக் கொண்டுபோய் எந்தச் சீட்டில் ஒட்டுவது?

கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஓட்டோ காஸ் சொன்ன ஒரு வாக்கியம் இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. தேர்தல் நெருங்கும்போது ஒரு தீர்ப்பின் அரசியல் விளைவை நீதிபதி கண்டுகொள்ளாமல் இருப்பது, குளிக்கும் தொட்டிக்குள் இருக்கும் முதலையைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மாதிரி என்றார் அவர். தோற்றவர்களைவிட, முதலையைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பேனாவைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்குக் கவலை. அதை எண்ண வழியே இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஒரு தீர்ப்புக்காக நீதிபதியை அனுப்பாதே' என்ற என் அளவுகோல் கலிஃபோர்னியாவின் ரோஸ் பேர்டிடம் வரும்போது தடுமாறுகிறது. 1977 முதல் தலைமை நீதிபதியாக இருந்தவர், தன் முன் வந்த 64 மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூடத் தண்டனையை உறுதி செய்ய வாக்களிக்கவில்லை. 1986-ல் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அவர் வேண்டாம் என்றார்கள். கூடவே க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் குரோடின் என்ற இருவரும் போனார்கள். மரண தண்டனையை எதிர்ப்பவள் நான். ஆனாலும் 64-க்கு 64 என்பதை ஒரு தனித் தீர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டத்தில் இருக்கும் ஒரு தண்டனையை ஒருவர் எப்போதுமே கொடுக்க மாட்டார் என்றால், அதைப் பற்றி வாக்காளர் கருத்துச் சொல்வது அத்துமீறலா? பேர்ட் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை.

கட்சி மாறிய வாதங்கள்

2024 ஜூன் 28-ஆம் தேதி, சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான கருக்கலைப்புகளைத் தடை செய்யும் சட்டம் நடைமுறைக்கு வரலாம் என்று அயோவா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆறு வாரம் என்பது கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரியாத நேரம். எழுதியவர் மாத்யூ மெக்டெர்மட். நாலு பேரில் ஒருவர் டேவிட் மே. அந்த நவம்பரில் சீட்டில் வந்த ஒரே உச்ச நீதிமன்றப் பெயர் மே. எழுதிய மெக்டெர்மட்டுக்கு 2022-லேயே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, அடுத்தது 2030. மறுபடியும் எழுதியவர் வெளியே, உடன் நின்றவர் உள்ளே.

மேயை அனுப்ப வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அலுவலக நண்பர்களுக்குள் நடந்ததுதான் எனக்கு வேடிக்கையும் வேதனையும். 2010-ல் மூவருக்கும் 'இல்லை' போட்ட டிரக் பெரியவர், இப்போது ஓய்வு பெற்றவர், கடையில் பார்த்தபோது, "ஒரு தீர்ப்புக்காக ஒரு நல்ல நீதிபதியைத் தூக்கக் கூடாது" என்றார். கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். 2010-ல் நீதித்துறையின் சுதந்திரம் பற்றி எனக்கே பாடம் எடுத்த தோழி, மேயின் பெயருக்கு எதிரே 'இல்லை' போடும்படி தெரிந்தவர்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இருவரையும் எனக்குப் பிடிக்கும். இருவருமே தங்கள் பழைய வாதத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொண்டதை உணர்ந்த மாதிரி தெரியவில்லை.

தோழியிடம் கேட்டேவிட்டேன். அவர் பதில் வலுவானது, அதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். தகுதி பார்க்கும் குழு நடுநிலை என்பது பழைய கதை என்றார். பரிந்துரைக் குழுவில் முன்பு எட்டுப் பேரை வக்கீல்கள் தேர்ந்தெடுப்பார்கள், எட்டுப் பேரை ஆளுநர் நியமிப்பார், மூத்த நீதிபதி ஒருவர் தலைமை தாங்குவார். 2019-ல் சட்டத்தை மாற்றி அந்த நீதிபதியின் இடத்தையும் ஆளுநருக்கே கொடுத்துவிட்டார்கள். "உள்ளே போகும்போது அரசியல், வெளியே அனுப்பும்போது மட்டும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தகுதி பார்க்க வேண்டுமா? எங்களிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு வட்டம்தான்." 2010-ல் பெரியவர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான், வேறு வார்த்தைகளில்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம் ஊருக்குப் போய்விட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான பதவி நீக்கத் தீர்மானம் 1993 மே மாதம் மக்களவைக்கு வந்ததைக் கோர்ட் ஊழியர்கள் எல்லோரும் ரேடியோவில் கேட்டார்களாம். ஆதரவாக 196 பேர், எதிர்த்து ஒருவரும் இல்லை, வாக்களிக்காமல் இருந்துவிட்டவர்கள் 205 பேர். தீர்மானம் விழுந்துவிட்டது. "நம்ம கிட்ட யாரும் கேக்கல, கேக்க வேண்டியவுகளும் பேசாம இருந்துட்டாவ. ஒங்க ஊருல கேக்குததே பெருசு, போ" என்றார். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் ஒரு நாட்டிலிருந்து பார்த்தால் அந்த வட்டம் பெரிய விஷயமாகத்தான் தெரியும். அதை எடுத்துவிட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

கடைசியில் என்னைத் தீர்மானிக்க வைத்தது 2012-இன் சீட்டு. அந்த ஆண்டு விக்கின்ஸோடு, தோற்ற மூவரின் இடத்துக்கு பிரான்ஸ்டாட் நியமித்த மூன்று பேரின் பெயரும் முதல் தடவையாக வந்தது: எட்வர்ட் மான்ஸ்ஃபீல்ட், தாமஸ் வாட்டர்மன், புரூஸ் ஸாகர். பழிக்குப் பழியாக அந்த மூவரையும் அனுப்பிவிட வேண்டும் என்று தோழி அப்போது துடித்தார். அவர்கள் நீடித்தார்கள். 2018-ல் கருக்கலைப்பு அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னபோது மான்ஸ்ஃபீல்டும் வாட்டர்மனும் அதை எதிர்த்து நின்றார்கள், தோழிக்கு 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஆனது. ஆனால் 2024-ல் அந்த ஆறு வாரத் தடையை எதிர்த்த மூன்று பேரில் இருவர் இவர்கள்தான். இன்னொருவர் தலைமை நீதிபதி சூசன் கிறிஸ்டென்சன், அவரும் குடியரசுக் கட்சி ஆளுநர் நியமித்தவர். அன்றைக்குத் தோழியின் விருப்பம் நடந்திருந்தால் 2024-இன் அந்த எதிர்ப்புத் தீர்ப்பில் இவர்கள் இருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு தீர்ப்பை வைத்து அடுத்த தீர்ப்பைக் கணிக்க முடியாத ஆட்களைத்தான் நீதிபதி என்று வைத்துக்கொள்ள எனக்கு விருப்பம். மே அப்படிப்பட்டவரா? தெரியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் எழுதிய சில தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். தெளிவாக எழுதுகிறார், தோற்ற பக்கத்தின் வாதத்தையும் மரியாதையாக எடுத்துச் சொல்கிறார். 'ஆம்' என்ற வட்டத்தை நிரப்பினேன். மகிழ்ச்சியாக நிரப்பினேன் என்று சொல்ல மாட்டேன். 60 சதவீதத்துக்கும் மேலான ஆதரவோடு அவர் நீடித்தார், என் ஒரு வாக்கு இல்லாவிட்டாலும் நீடித்திருப்பார்.

அப்படியானால் எப்போதுதான் 'இல்லை' போடுவது? வழக்குகளை வருடக்கணக்கில் ஊறப்போடுகிறவர், வக்கீலையும் வழக்குக்காரரையும் அவமதிக்கிறவர், கை நீட்டுகிறவர், காரணம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதுகிறவர். இவர்களை அனுப்பத்தான் அந்த வட்டம். இவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதில்தான் அயோவா பின்தங்கியிருக்கிறது. இங்கே வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் மதிப்பெண் கேட்டு வெளியிடுகிறது, அவ்வளவே. அலாஸ்காவில் இதற்கென்றே ஒரு கவுன்சில் உண்டு. போலீஸ்காரர்கள், ஜூரிகள், நீதிமன்ற ஊழியர்கள் வரை கேட்டு, ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் தேர்தலுக்கு முன் அறிக்கை கொடுக்கிறது. பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்பார்கள் என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரிடம் யாராவது கேட்டிருந்தால் சில பெயர்கள் உடனே வந்திருக்கும் போலிருக்கிறது.

தோழி இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உன் மகளிடம் போய் இதைச் சொல்லிப் பார்" என்றார் ஒருநாள். சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் வாக்கு இல்லை. நான் சொன்ன 2010 கதையை முழுக்கக் கேட்டாள், டெர்னஸைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். மான்ஸ்ஃபீல்ட் வாதத்துக்கு, "அது அதிர்ஷ்டம்மா, கொள்கை இல்லை" என்றாள். 2030-ல் மெக்டெர்மட் மறுபடி சீட்டுக்கு வந்தால் 'இல்லை' என்றுதான் நிரப்பப் போகிறாளாம். நான் மேயின் தீர்ப்புகளைப் படித்த மாதிரி நீயும் அவருடையதைப் படித்துவிட்டுப் போடு என்று கேட்டுக்கொண்டேன். படிப்பேன், படித்துவிட்டும் 'இல்லை'தான் என்கிறாள்.